ஜப்பான் குடியுரிமைக்குக் குடும்பமாக விண்ணப்பம்: மனைவி ஊரில் இருந்த ஏழு மாதம், நென்கின் (ஓய்வூதியக் கட்டணம்) இடைவெளி, பெயர்க் குழப்பம்

கசாய்_வாசி (கேள்வி)

வணக்கம். டோக்கியோ எதொகாவா வார்டில் இருக்கிறோம். நான் வந்து 11 வருடம், ஐ.டி. நிறுவனத்தில் நிரந்தர வேலை, வேலை விசா. மனைவி சார்ந்தோர் விசாவில் இருக்கிறார், பகுதிநேர வேலை உண்டு. மகளுக்கு 7 வயது, இங்கேயே பிறந்தவள். மகனுக்கு 2 வயது, மதுரையில் பிறந்தவன். அந்தப் பிரசவத்துக்காக மனைவி தொடர்ச்சியாக ஏழு மாதம் ஊரில் இருந்தார். திரும்பி வந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது.

நால்வரும் சேர்ந்து கிக்கா (ஜப்பான் குடியுரிமை பெறுதல்) விண்ணப்பம் போடலாம் என்று எண்ணம். சில சந்தேகங்கள்:

மனைவியின் அந்த ஏழு மாதம் மொத்தக் குடும்பத்தையும் தடுக்குமா? நான் வேலை மாறியபோது நடுவில் இரண்டு மாதம் நென்கின் கட்டவில்லை, அது பிரச்சினையா? அப்பா அம்மாவின் திருமணம் எங்கும் பதிவாகவில்லை, என்ன செய்வது? என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது, மனைவி பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் என் பெயர் இருக்கிறது. ஜப்பானியப் பதிவேட்டில் இதை எப்படி எழுதுவார்கள்?

கோப்புக்காரன் (பதில்)

முதலில் இடம். இது குடிவரவு அலுவலக வேலை இல்லை. ஹோமுக்யொகு எனும் சட்ட விவகார அலுவலகத்தின் குடியுரிமைப் பிரிவு பார்க்கும் வேலை. நீங்கள் குடியிருக்கும் முகவரியை வைத்துத்தான் அலுவலகம் முடிவாகும். உங்களுக்கு சியோதா வார்டு குடான் மினாமியில் இருக்கும் டோக்கியோ ஹோமுக்யொகு. தொலைபேசியில் முன்பதிவு செய்யாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் சந்திப்பில் உங்கள் நிலைமையைக் கேட்டு, உங்களுக்கு மட்டுமான ஆவணப் பட்டியல் ஒன்றைத் தருவார்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியலைப் பார்த்து முன்கூட்டியே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள். இங்கே எடுக்கும் சான்றிதழ்கள் பழசாகிவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. செலவெல்லாம் சான்றிதழுக்கும் மொழிபெயர்ப்புக்கும்தான்.

ஆண்டுக் கணக்கு: குடியுரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவில் எழுதியிருப்பது தொடர்ச்சியாக 5 ஆண்டு வசிப்பு. 2025 இறுதியில் அரசாங்கம் இதை நடைமுறையில் 10 ஆண்டாக்கும் திசையில் நகரத் தொடங்கியது. உங்களுக்கு 11 என்பதால் எந்தக் கணக்கிலும் இடிக்காது. 5, 6 வருடத்தில் நிற்பவர்கள்தான் முன்பதிவுத் தொலைபேசியிலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். உயர்திறன் விசாப் புள்ளிகள் 80 இருந்தாலும் கிக்காவுக்குச் சலுகை கிடையாது. அது நிரந்தர வசிப்புக்கு மட்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இனி மனைவி. ஒரே மூச்சில் மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் 'தொடர்ச்சி' அறுந்ததாகவே அலுவலர்கள் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் இந்த எண் இல்லை, நடைமுறையில் உண்டு. பிரசவம் என்ற காரணம் இதை மாற்றாது. ஆகவே அவருடைய கணக்கு திரும்பி வந்த நாளிலிருந்து மறுபடி தொடங்குகிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் இது தடை இல்லை. நீங்கள் இருவரும் ஒன்றாக விண்ணப்பித்தால், உங்களுக்கு அனுமதி கிடைக்கும் என்ற அடிப்படையில் அவரை ஜப்பானியரின் மனைவி என்ற 7-ம் பிரிவில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பிரிவில் இரண்டு வழி உண்டு. ஒன்று 3 ஆண்டு தொடர் வசிப்பு. மற்றொன்று, திருமணமாகி 3 ஆண்டு கடந்து, இங்கே 1 ஆண்டு தொடர் வசிப்பு. முதல் வழி அவருக்கு இப்போது அடைபட்டிருக்கிறது, இரண்டாவது திறந்திருக்கிறது. பலர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் சும்மா காத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதே தர்க்கத்தில் 8-ம் பிரிவு. ஜப்பானியரின் பிள்ளை, இங்கே முகவரி இருக்கிறது, அவ்வளவு போதும். ஆண்டுக் கணக்கு இல்லை. மதுரையில் பிறந்தவனுக்கும் இங்கே பிறந்தவளுக்கும் ஒரே நிலைதான், ஏனென்றால் ஜப்பானில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை வருவதில்லை. 15 வயதுக்குக் கீழே இருப்பதால் அவர்கள் சார்பில் பெற்றோர் விண்ணப்பிப்பீர்கள். படம் 5-க்கு 5 செ.மீ., ஆறு மாதத்துக்குள் எடுத்தது. சின்னப் பிள்ளைகளின் படத்தில் பெற்றோரும் சேர்ந்து இருக்க வேண்டும். தனியாக எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராதீர்கள்.

நென்கின். 'நென்கின் நெட்' தளத்தில் உங்கள் மாதவாரிப் பதிவைப் பாருங்கள். அந்த இரண்டு மாதம் தேசிய ஓய்வூதியத்தில் 'கட்டவில்லை' என்று நிற்கும். இரண்டு ஆண்டுக்குள் என்றால் இப்போதே பின்தேதியில் கட்டலாம் (2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென்). இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் வாங்கமாட்டார்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், அண்மைக் காலக் கட்டணம் ஒழுங்காக இருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். அதே இரண்டு மாதத்துக்கு மனைவியின் பதிவும் பாருங்கள். நீங்கள் நிறுவன ஓய்வூதியத்தில் இருக்கும்போது அவர் மூன்றாம் வகை, தனியாகக் கட்ட வேண்டாம். நீங்கள் வேலையை விட்ட நாளில் அவரும் அதிலிருந்து விழுந்துவிடுவார். புது நிறுவனம் அவரை மறுபடி சேர்த்ததா என்று யாரும் கவனிப்பதில்லை.

வேலை மாறியவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம் ஜூமின்செய். சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்த நகராட்சி வரி, வேலையை விட்டதும் வீட்டுக்கு வரும் சீட்டாக மாறும். ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி என நான்கு தவணை. கடிதப் பெட்டியில் விளம்பரத் தாள்களோடு போய்விடும். ஒரு யென் நிலுவை இருந்தாலும் வரிச் சான்றிதழ் காட்டிக்கொடுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட இந்தியர்களின் கோப்பில் அதிகம் சிக்குவது சார்ந்தோர் கழிவுதான். ஊரில் இருக்கும் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் எல்லோரையும் ஃபுயோவில் (வரிக் கணக்கின் சார்ந்தோர் பட்டியல்) சேர்த்து வரி குறைத்திருக்கிறீர்களா? 2023 முதல் வெளிநாட்டில் இருக்கும் 30 முதல் 69 வயது உறவினரைச் சேர்க்க வேண்டுமானால், மாணவர், மாற்றுத்திறனாளி போன்ற விலக்கு இல்லாதவரை, ஆளுக்கு ஆண்டுக்கு 3,80,000 யென் அனுப்பிய சான்று வேண்டும். ஆளுக்குத் தனித்தனியாக. அப்பா கணக்கில் மொத்தமாகப் போட்டால் அது அப்பாவுக்கு மட்டும்தான் கணக்கு. தவறாகக் கழித்திருந்தால் வரி அலுவலகத்தில் திருத்த அறிக்கை கொடுத்து, வித்தியாசத்தைக் கட்டி, ரசீதோடு போங்கள். அலுவலர் கண்டுபிடித்த பிறகு திருத்துவதற்கும் நாமே திருத்திவிட்டுப் போவதற்கும் வித்தியாசம் பெரியது.

மதுரையில் வீட்டு வாடகையோ வைப்புத்தொகை வட்டியோ வருகிறதா? கடந்த 10 ஆண்டில் 5 ஆண்டுக்கு மேல் ஜப்பானில் வசித்தவர் உலகம் முழுக்க வரும் வருமானத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். 'அதுதான் ஊரில் வரி பிடித்துவிட்டார்களே' என்பது பதில் ஆகாது. அங்கே கட்டியதை இங்கே வரவு வைக்கலாம், ஆனால் அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

கடைசியாக, மனைவியின் பகுதிநேர வேலை எத்தனை மணி நேரம்? வாரம் 28 மணி நேரம் என்பது எல்லா வேலைகளும் சேர்த்து. டிசம்பர் மாத நெரிசலில் ஒரு வாரம் 33 ஆனாலும் மீறல்தான். சம்பளச் சான்றிதழைப் பார்த்தாலே மணிக்கணக்கு தெரிந்துவிடும்.

இவ்வளவு தெளிவான குடும்பத்துக்குக் கியோசெய்ஷோஷியிடம் (அரசு விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுக்கும் உரிமம் பெற்றவர்) ஒன்றரை, இரண்டு லட்சம் யென் கொடுக்கத் தேவையில்லை. கடைசியில் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நீங்கள்தான் நேரில் போக வேண்டும், அவர் உங்களுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது.

கசாய்_வாசி

மிக்க நன்றி. 7-ம் பிரிவின் இரண்டாம் பாதி எனக்குத் தெரியவே தெரியாது. மனைவிக்கு ஒரே இடத்தில்தான் வேலை, வாரம் 20 மணி நேரம் தாண்டாது. ஃபுயோவில் அம்மா மட்டும், 64 வயது, பணம் அப்பா கணக்கில்தான் போகிறது. அதை முதலில் சரிசெய்கிறேன். பெயரும் ஊர் ஆவணங்களும் பற்றி யாராவது சொல்லுங்கள்.

ஒற்றைக்கொம்பு (பதில்)

பெயரைப் பற்றிச் சாவகாசமாக யோசியுங்கள். விண்ணப்பப் படிவத்திலேயே 'குடியுரிமைக்குப் பின் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அனுமதி வந்த பிறகு மாற்ற வேண்டுமானால் குடும்ப நீதிமன்றம் போக வேண்டும்.

கொசெக்கியில் (ஜப்பானியக் குடும்பப் பதிவேடு) இரண்டே கட்டங்கள்தான்: குடும்பப் பெயர், பெயர். இனிஷியல், புள்ளி, நடுப்பெயர், ஆங்கில எழுத்து எதுவும் நுழையாது. ஹிரகானா, கதகானா எனும் ஒலியெழுத்துகள், அனுமதிக்கப்பட்ட காஞ்சி (சீன வழி வந்த எழுத்துகள்) மட்டும். காஞ்சி கட்டாயமில்லை. கதகானாவில் நீட்டல் கோடு போடலாம். குடும்பத்தில் நால்வருக்கும் ஒரே குடும்பப் பெயர். கணவன் மனைவிக்கு வேறு வேறு குடும்பப் பெயர் என்பது ஜப்பானியச் சட்டத்தில் இல்லை.

நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது பாஸ்போர்ட்டில் இருக்கும் அப்பா பெயரை அப்படியே குடும்பப் பெயராக்குவது. அதில் ஒரு விளைவு உண்டு. இங்கே பள்ளி, அலுவலகம், மருத்துவமனை எங்கும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். உங்கள் அப்பா பெயர் சுப்பிரமணியன் என்றால் உங்கள் மனைவி, மகள், மகன் எல்லோரும் ஆயுள் முழுக்க சுப்பிரமணியன்-சான்தான். மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, பெயர்க் கட்டத்துக்கு வேறொன்று எடுப்பவர்களும் உண்டு. எதுவானாலும் சுருக்கமாக இருக்கட்டும். வங்கிப் படிவங்களில் கட்டங்கள் குறைவு.

அடுத்தது பாஸ்போர்ட் எழுத்து. ஜப்பானியப் பாஸ்போர்ட் கதகானாவை ஹெப்பர்ன் முறையில்தான் ஆங்கில எழுத்தாக்கும். நம் ல, ள, ழ, ர நான்கும் கதகானாவில் ஒரே வரிசை. பழனி என்பவர் 'பரனி' ஆவார், லட்சுமி 'ரகுஷுமி' ஆவார். இதைத் தவிர்க்க முதல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே ஹெப்பர்ன் அல்லாத எழுத்துமுறை வேண்டும் என்று கேட்டு, பழைய பாஸ்போர்ட்டையோ பிறப்புச் சான்றிதழையோ ஆதாரமாகக் காட்டுங்கள். முதல் பாஸ்போர்ட்டில் எழுதியதைப் பிறகு மாற்றுவது கடினம்.

ஊர் ஆவணங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பெற்றோர் திருமணச் சான்றிதழ், உடன்பிறந்தவர்கள் யார் யார் என்று காட்டும் ஆவணம். இவ்வளவும் மனைவி வழியிலும் வேண்டும். பழைய தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சகஜம். அதைப் பதிவாளரிடம் சேர்த்து வாங்காமல் கொண்டுவந்தால் செல்லாது. பிறப்பே பதிவாகவில்லை என்றால், பதிவு இல்லை என்ற சான்றையாவது அங்கிருந்து வாங்க வேண்டும்.

பெற்றோர் திருமணப் பதிவு இல்லாதது நம் ஊரில் விதிவிலக்கு இல்லை, அதுதான் வழக்கம். அலுவலர்களுக்கும் இது பழகிப்போன விஷயம். இரண்டு வழி. பெற்றோர் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம்: திருமணமான தேதி, இடம், பிறந்த பிள்ளைகள் எல்லோரின் பெயர், பிறந்த தேதி. இல்லாவிட்டால் ஹோமுக்யொகுவின் 'ஷின்ஜுத்சுஷோ' என்ற படிவம். அதில் இதே விவரங்களை எழுதி அம்மாவோ அப்பாவோ கையெழுத்திடுவார்கள். உங்கள் அலுவலர் எதை ஏற்பார் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இரண்டையும் கேட்டாலும் கேட்பார்.

பத்திரத்தில் இருக்கும் தேதிகள் வேறு ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும். அம்மாவின் பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, அண்ணனின் பள்ளிச் சான்றிதழில் அம்மா பெயரே வேறு மாதிரி. இதெல்லாம் ஜப்பானிய அலுவலர் கண்ணில் மூன்று வேறு ஆட்கள். முரண்பாடு இருந்தால் மறைக்காமல், எது சரி, ஏன் வேறுபடுகிறது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம், நீங்களே கூடச் செய்யலாம். கீழே மொழிபெயர்த்தவர் பெயர், முகவரி, தேதி இருக்க வேண்டும். எல்லா ஆவணமும் மூலமும் நகலுமாக இரண்டு தொகுதி.

யாழ்_நகோயா (பதில்)

இலங்கை ஆக்களுக்காக ஒரு விசயம், இந்தத் திரியைத் தேடி அவையும் வருவினம். எங்கட நாட்டில இரட்டைக் குடியுரிமை இருக்குத்தானே, ஜப்பான் எடுத்தபிறகு இலங்கையையும் மீள எடுக்கலாம் எண்டு கனபேர் கதைக்கினம். எடுக்கலாம், இலங்கைப் பக்கத்தால. ஆனால் ஜப்பான் சட்டத்தின்ர 11-ம் பிரிவு, தன்ர விருப்பத்தில வேற நாட்டுக் குடியுரிமையை எடுத்தவர் ஜப்பான் குடியுரிமையை இழப்பார் எண்டு சொல்லுது. கொழும்பில மீளப் பெறுற விண்ணப்பம் சரிவந்த அண்டைக்கே இங்கத்தைய குடியுரிமை போயிடும். இந்தியாவின்ர ஓ.சி.ஐ. வேற கதை. அது குடியுரிமை இல்லை, நீண்டகால விசா மாதிரி ஒண்டு. அதால 11-ம் பிரிவுக்குள்ள வராது.

மற்றது, பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில தமிழ்ப் பிரதியா எடுத்து நேர ஜப்பானிய மொழிக்கு மாத்தினால் போதும். இடையில ஆங்கிலத்துக்கு மாத்திக் காசைச் செலவழிக்கத் தேவையில்லை.

தெற்குவாசல் (பதில்)

கோப்புக்காரன் சொன்னதில் கியோசெய்ஷோஷி வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தனித் தொழில் செய்பவர், நிறுவன இயக்குநர், முன்பு விவாகரத்தானவர், ஊரில் ஆவணச் சிக்கல் உள்ளவர் என்றால் அந்தப் பணம் வீண் இல்லை. கேள்வி கேட்டவருக்கு வேண்டாம், சரி.

விண்ணப்பம் கொடுக்கும் நாள் பற்றி: படிவத்தின் கையெழுத்து இடத்தை வீட்டிலேயே நிரப்பிவிடாதீர்கள், அலுவலர் முன்னால்தான் போட வேண்டும். 'ஏன் ஜப்பானியராக விரும்புகிறேன்' என்ற கடிதம் 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஜப்பானிய மொழியில் கையால் எழுத வேண்டும். தட்டச்சு ஏற்கப்படாது. கணவனும் மனைவியும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எழுதினால் பார்த்தவுடனே தெரியும். ஏ4-ல் ஒரு பக்கம் போதும். வாழ்க்கைக் குறிப்பில் படிப்பு, வேலை, முகவரி எதிலும் ஒரு மாதம்கூட வெற்றிடம் விடாதீர்கள். வேலை இல்லாத மாதத்துக்கு 'வேலை இல்லை' என்று எழுதுங்கள். வெளிநாட்டுப் பயணத் தேதிகள் பாஸ்போர்ட் முத்திரையோடு ஒத்துப்போக வேண்டும். தானியங்கி வாசலில் போனவர்களுக்கு முத்திரையே இருக்காது, அவர்கள் குடிவரவுத் துறையிடம் போக்குவரவுப் பதிவை வாங்கிவிடுவது நல்லது.

மொழி: உங்கள் மனைவியை இப்போதே தயார்படுத்துங்கள். தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பு அளவு என்பார்கள். மூன்று வகுப்புக்கும் சேர்த்து 440 காஞ்சி. ஐ.டி.யில் ஆங்கிலத்திலேயே காலம் ஓட்டிய கணவன்மார்களும் இதில் திணறுவதுண்டு, பேசத் தெரியும் ஆனால் எழுத வராது. சோதனைத் தாள் ஒரு பக்கம்தான், ஆனால் கையால் எழுத வேண்டும்.

வாகனம் ஓட்டினால் ஐந்தாண்டு ஓட்டுநர் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். நிறுத்தக் குறியில் நிற்காமல் போனது, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது போன்ற சிறு மீறலுக்கான நீலச் சீட்டு ஒன்றிரண்டு பெரிய விஷயமில்லை. சிவப்புச் சீட்டு (சாதாரணச் சாலையில் 30 கி.மீ. மிகுவேகம், குடித்து ஓட்டுதல்) என்றால் சில வருடம் ஆறப்போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். 2026 ஏப்ரலிலிருந்து சைக்கிளுக்கும் நீலச் சீட்டு வந்துவிட்டது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 12,000 யென். எதொகாவா வார்டின் நிஷி கசாயில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

கொடுத்த பிறகு சில மாதத்தில் நேர்காணல், கணவன் மனைவிக்குத் தனித்தனியாக. பிறகு கோப்பு நீதி அமைச்சகத்துக்குப் போகும். டோக்கியோவில் மொத்தம் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும் என்றே திட்டமிடுங்கள். அந்தக் காலத்தில் விசா காலாவதியானால் வழக்கம்போல் புதுப்பிக்க வேண்டும். கிக்கா நிலுவையில் இருப்பது விசா ஆகாது. வீடு மாறினால், வேலை மாறினால், குழந்தை பிறந்தால், ஊருக்குப் போனால், சாலை விதி மீறினால், உடனே அலுவலருக்குச் சொல்லுங்கள். தவிர்க்கக்கூடிய வேலை மாற்றத்தைத் தள்ளிப்போடுங்கள், சம்பளச் சான்றுகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. குறை இருந்தால் நேரடியாக நிராகரிப்பதைவிட 'திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்வது அதிகம். திரும்பப் பெற்றால் மறுபடி விண்ணப்பிக்கத் தடை இல்லை.

அனுமதி கான்போ என்ற அரசிதழில் வரும் நாளிலேயே நீங்கள் ஜப்பானியர். அதே நாளில் இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-ன் 9-ம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். தனியாக முன்கூட்டி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை அன்றிலிருந்து பயன்படுத்தக் கூடாது, ஜப்பானியப் பாஸ்போர்ட் இன்னும் இல்லை. ஹோமுக்யொகு கூப்பிட்டு அடையாளச் சான்றிதழ் கொடுத்து, நீங்கள் வார்டு அலுவலகத்தில் ஒரு மாதத்துக்குள் கிக்கா அறிவிப்புக் கொடுத்து, கொசெக்கி உருவாகி, பாஸ்போர்ட் விண்ணப்பித்து, அது சுமார் இரண்டு வாரத்தில் கைக்கு வரும் வரை ஒன்றரை, இரண்டு மாதம் எங்கும் பறக்க முடியாது. எந்த மாதம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஆகவே நேர்காணல் முடிந்து பல மாதம் ஆகிவிட்டது என்றால் ஊர்த் திருவிழாவுக்குப் பணம் திரும்பாத டிக்கெட் போடாதீர்கள். வசிப்பு அட்டையை 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

பிறகு இந்தியத் தூதரகத்தில் நால்வரின் பாஸ்போர்ட்டையும் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது இல்லாமல் ஓ.சி.ஐ. கிடையாது. ஓ.சி.ஐ. வரும் வரை ஊருக்குப் போக விசா வேண்டும். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்குங்கள், வங்கிக்கு நிலைமாற்றத்தைச் சொல்லுங்கள். விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது, பரம்பரையாக வருவது வரலாம்.

பட்டச் சான்றிதழ், பான் அட்டை, பழைய வங்கிக் கணக்கு எல்லாம் பழைய பெயரில் இருக்குமே என்ற கவலைக்கு மருந்து கொசெக்கியிலேயே இருக்கிறது. கிக்கா நடந்த தேதி, அதற்கு முந்தைய நாடு, முந்தைய பெயர் மூன்றும் அதில் பதிவாகும். ஆனால் பிற்பாடு ஹொன்செக்கியை (கொசெக்கி பதிவாகியிருக்கும் முகவரி) வேறு நகரத்துக்கு மாற்றினால் புதுப் பதிவேட்டுக்கு இந்தக் குறிப்பு வராது. பழைய இடத்தில் மூடப்பட்ட பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டிவரும். முதல் கொசெக்கி உருவான வாரமே மூன்று நான்கு பிரதிகள் எடுத்து, ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துவிடுங்கள்.

கசாய்_வாசி

குடானில் முன்பதிவு செய்துவிட்டேன், ஐந்து வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அதற்குள் வரித் திருத்த அறிக்கை, பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் இரண்டையும் தொடங்குகிறேன். குடும்பப் பெயர் விவகாரம் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. சுப்பிரமணியன்-சான் ஆக மனைவி தயாராக இல்லை.